மிளகாய்க்குக் கத்தும் சங்கு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. ஞாயிறு பள்ளியில் கற்ற எழுத்துதான், மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகப் படியுங்கள். அபர்தீன் என்னும் இந்தச் சீமை ஊரில் என்னை முதலில் மிரட்டியது குளிர் இல்லை, மாலைக்கு முன்பே வந்து நிற்கும் இருட்டும் இல்லை. சமையலறைக் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிற, இட்லி அளவு வெள்ளை டப்பாதான், புகையைக் கண்டால் அலறுகிற அலாரம். எண்ணெயில் காய்ந்த மிளகாயைப் போட்டால் போதும், ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும்.

வந்த புதிதில் ரசத்துக்குத் தாளித்தேன். அது கத்தியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு, வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். கோலார் தங்க வயலில் இருந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பூமிக்கு அடியில் பாறை வெடித்து எங்கள் லைன் வீடுகள் ஆடும். அதற்கெல்லாம் நாங்கள் அசையமாட்டோம். உருளும் சொம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் குழம்பைக் கிளறுவோம். ஆனால் ஷிஃப்ட் சங்கு நேரம் தப்பி ஊதினால் அடியில் விபத்து என்று அர்த்தம், மாவுக் கையோடு, ஈரத் தலையோடு, பாதி கட்டிய சேலையோடு சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம். கூண்டில் ஏறி வரும் ஆண்பிள்ளைகளின் முகமெல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும். நடையை வைத்துத்தான் அவரவர் புருஷனைக் கண்டுபிடிப்போம். என் வீட்டுக்காரர் இடது காலை ஒரு சாய்ப்புச் சாய்த்து நடப்பார். அந்தச் சாய்ப்பைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வரும், கூடவே திட்டும் வரும்.

இங்கே ஓடிவந்து நின்றால், தெருவில் ஒரு பெண்பிள்ளையும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. சங்கு ஊதுகிறது, ஒருத்தியும் வரவில்லையே! எதிர்வீட்டு மார்கரெட் மட்டும் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் கரண்டியைப் பார்த்தாள், என் பாதத்தைப் பார்த்தாள், நேராகக் கம்பளியும் டீயும் கொண்டுவந்தாள். பின்னாலேயே என் மருமகள் கிரேஸ் வந்தாள்.

"இன்னாது அத்தை இது? உள்ள வாங்க. அது சும்மா கத்துதுங்க. துண்டால விசிறினா வாய மூடிக்கும்."

"சும்மா கத்துற சங்க எதுக்குமா வூட்ல வெச்சிருக்கீங்க?"

"சட்டம் அத்தை. வெச்சே ஆவணும்."

மாமியாரைக் குளிரில் வெளியே தள்ளிவிட்டாள் என்று மார்கரெட் முடிவு கட்டிவிட்டாள் போல. கிரேஸை எரிக்கிற மாதிரி பார்த்தாள். அன்றிலிருந்து எனக்கு மட்டும் பிஸ்கட் வரும். நான் அதைத் திருத்தப் போகவில்லை. பிஸ்கட் நன்றாக இருந்தது.

கடைசிப் பையன் ஜெயசீலன் வீடு இது. அவனுக்கு இங்கே ஆராய்ச்சி வேலை. கடலுக்கு நடுவில் இரும்புக் காலை ஊன்றி ஒரு மேடை கட்டி, அதன்மேல் ஆட்கள் தங்கி, தரையைத் துளைத்து எண்ணெயும் காஸும் எடுக்கிறார்கள். காஸ் கசிந்தால் அலாரம் கத்தும். கசியாமலும் கத்தும். ஓயாமல் கத்துவதை மனிதர்கள் ஏன் கேட்காமலே போகிறார்கள் என்பதுதான் அவன் ஆராய்ச்சி. கல்யாணமான எவனைக் கேட்டாலும் இதற்குப் பதில் சொல்வான். இதற்குப்போய் சம்பளம், கார், கழுத்தில் தொங்கும் அட்டை.

நானும் எத்தனை நாள் ஓடுவேன்? ஒரு நாள் நாற்காலிமேல் ஏறி, கிரேஸ் குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை அந்த டப்பாவுக்கு மாட்டிவிட்டேன். பூப்போட்ட தொப்பி. டப்பாவுக்கு அழகாகவே இருந்தது. வீடும் நிம்மதியாக இருந்தது, சீலன் அண்ணாந்து பார்க்கும்வரை.

"யாரு இத மாட்டுனது?"

"நான்தான். இன்னாத்துக்கு மொறைக்கிற? மொளகாய்க்குக் கத்துற கழுதைக்கு வாய்க்கட்டு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான்.

"அம்மா, மேடையில ஒரு காஸ் அலாரத்து மேல டேப் ஒட்டியிருந்தாங்களாம். மூடுபனிக்கெல்லாம் கத்துதுன்னு சலிச்சுப்போய் ஒருத்தன் ஒட்டிட்டான். நல்லவன்தான், உன்ன மாதிரி."

"அத எடுத்துட்டாங்களா?"

"அத எடுத்துட்டாங்க. வேற எங்கெங்க ஒட்டிக்கிறாங்கன்னு பாக்கத்தான் போறேன். திங்கக்கெழம."

"நீயா? அந்த மேடைக்கா?"

"நான்தான்மா."

புருஷனை அடியில் அனுப்பி ஆயுசெல்லாம் வாசலில் நின்றவள் நான். அவர் சுரங்கத்தில் சாகவில்லை. மார்பில் தூசியோடு, கட்டிலில், என்னைக் குறை சொல்லிக்கொண்டே போனார். என் பிள்ளைகளில் ஒன்றும் கூண்டில் ஏறாது என்று அன்றைக்கு மார்தட்டினேன். இதோ ஒன்று, ஹெலிகாப்டரில் ஏறி, டேப் ஒட்டிய சங்கின்கீழ் படுக்கப் போகிறது. நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொப்பியைக் கழற்றினேன்.

அவன் போன மறுநாள் வேண்டுமென்றே ஒரு பிடி மிளகாயை எண்ணெயில் போட்டேன். கத்தியது. அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரையும் விரட்டினேன்.

"பாட்டி, அது வெறும் மொளகாதான் பாட்டி!" என்று பேத்தி ரூத் அலறினாள்.

"தெரியும்டி. நட வெளிய."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். அங்க உங்கப்பன் பக்கத்துல இருக்கிறவனும் இப்படி எழுந்து வரணுமில்ல? நாம நடந்தாத்தான் அவன் நடப்பான்."

இது எந்த ஆராய்ச்சியிலும் சேராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவன் மேடையில் இருந்த இரண்டு வாரமும் அதுதான் சட்டம். கிரேஸ் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். மார்கரெட்டும் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிடுவாள். இவர்கள் சாதியில் இது ஏதோ ஜெபம் என்று நினைத்திருப்பாள். நான் கடல் இருக்கும் பக்கம் திரும்பி நிற்பேன். வீடுகள் மறைத்துக்கொண்டிருக்கும், கடல் தெரியாது.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் தங்க வயலில் பாலகாட்டு லைனிலிருந்து என் தங்கை போன் செய்தாள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். "சங்கு ஊதறதில்லக்கா. எப்ப ஒலை வெக்கிறது, எப்ப எறக்கறதுன்னே தெரியல. காது சும்மா கெடக்குது" என்றாள். என் வீட்டில் ஒன்று கத்திக்கொண்டிருக்கிறது, வேண்டுமானால் போனில் கேள் என்றேன். சிரித்தாள், அழுதாள், காசு ஓடுகிறது என்று வைத்துவிட்டாள்.

சீலன் வந்த அன்று மழை. ஒரே மாதிரி தொப்பிக் கோட்டு போட்ட நாலைந்து பேரை வண்டி தெருமுனையில் இறக்கியது. முகம் ஒன்றும் தெரியவில்லை. ஒருவன் மட்டும் இடது காலைச் சாய்த்து வந்தான். இத்தனை வருஷம் அந்தச் சாய்ப்பை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. மூச்சு வந்தது. திட்டவும் திட்டினேன். மூன்று இடத்தில் டேப்பைப் பிரித்தானாம். அடுத்த மாதம் மறுபடியும் போகிறானாம்.

ரூத், இங்கே வா. இதுவரை எழுதியதைச் சத்தமாகப் படி. அடுப்பில் மிளகாய் போடப் போகிறேன். நடுவில் அது கத்தினால் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வா, மீதியை வெளியே நின்று படிக்கலாம்.