இருபது தீக்குச்சியும் இரண்டு காடும்

கணக்கு வாத்தியார் வேலையில், விடை தப்பானால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சரியானால் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். சாக்பீஸ் தூளைத் தின்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

தீக்குச்சிப் பாடம்

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் கிராமத்துப் பள்ளி. நான் புத்தகம் பார்த்து நானாகக் கணக்குப் படித்தவன்; எதையும் கையால் செய்து பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும். இருபது தீக்குச்சியால் ஒரு சதுரம் கட்டினேன். அதே இருபதால் எட்டுக்கு இரண்டாக ஒரு நீளக் கட்டம். சுற்றளவு ஒன்றுதான். உள்ளே சிறு கட்டம் போட்டு எண்ணினால் ஒன்றில் இருபத்தைந்து, மற்றதில் பதினாறு. ஐந்தாம் வகுப்புச் செல்லக்கனி திரும்பத் திரும்ப எண்ணினாள். அவள் முகம் வாடிவிட்டது.

"எங்க அய்யாவும் சுத்திக் கயிறு போட்டுத்தான் சார் பங்கு வச்சாவ. நீளமா இருக்க ஓடைக்காடு சித்திக்கு."

வாசலில் வந்து நின்றவர்

மறுநாள் மத்தியானம் அவள் அப்பா கருப்பசாமி தோளில் கயிற்றோடு வகுப்பு வாசலில் நின்றார். இறந்துபோன தம்பியின் மனைவிக்கு ஓடைக்காடு, தனக்கு ரோட்டுக்காடு. பத்திரத்தில் இரண்டு புஞ்சையும் தனி அளவில்லாமல் மொத்தமாகத்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை பங்கைப் பதிவு செய்யப்போகிறார்கள். அதற்குள் மகள் வீட்டில் வாயைத் திறந்துவிட்டாள். புத்தகத்தில் உள்ள பாடத்தைத்தான் நடத்தினேன் என்றேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்குச்சட்டியை அப்படியே கொண்டுபோனால் வீட்டுக்காரி காரணம் கேட்பாளே என்று வேறு பயம். இப்போது கேட்க ஆளில்லை. கருப்பசாமி விடவில்லை:

"சாயந்தரம் காட்டுக்கு வாரும். உம்ம கணக்கு தப்பா இருந்தா, நாளைக்கு இந்த ஊர்ல பஸ்ஸ விட்டு இறங்கப்படாது."

காட்டில்

வரப்பில் செல்லக்கனி, அவள் சித்தி உட்படப் பத்துப் பேர் நின்றார்கள். கரிசல் வெடிப்பில் கால் மாட்டி எண்ணிக்கை தவறிவிடுமோ என்று பயந்தபடி நடந்தேன். ரோட்டுக்காடு என் காலடியில் எண்பதுக்கு அறுபது. ஓடைக்காடு நூற்றிருபதுக்கு இருபது. சுற்றி வந்தால் இரண்டும் இருநூற்றெண்பது, கயிறு சரிதான். செல்லக்கனி குச்சியால் மண்ணில் எழுதிப் பெருக்கினாள்: நாலாயிரத்து எண்ணூறு, இரண்டாயிரத்து நானூறு.

கருப்பசாமி குனிந்து அந்த எண்களைத் தானும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். பிறகு வெள்ளிக்கிழமை பதிவு வேண்டாம், இரண்டு காட்டையும் குறுக்கே பாதியாக வெட்டிக்கொள்ளலாம் என்றார். உனக்கு முன்னமே தெரியுமா என்று தம்பி மனைவியிடம் கேட்டார். அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஓடைக்காட்டுக்குப் பாதி விதைதான் பிடிக்கும்னு விதைக்கும்போதே தெரியும். நான் சொல்லியிருந்தா பங்குக்குச் சண்டைக்கு வாராள்னு சொல்லியிருப்பீய. பிள்ள சொன்னதால கணக்குன்னு கேட்டுக்கிட்டீய."

அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை, பரப்பளவுப் பாடம் தொடங்கும் முன் ஊரில் யார் வீட்டில் பாகப்பிரிவினை என்று விசாரித்துக்கொண்டுதான் சாக்பீஸைக் கையில் எடுத்தேன்.