கேச்சரைக் கொடுத்த கோடை

பேஸ்போல் பார்க்கிற தமிழ்ப் பெண் ஒஸ்லோவில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைக்கிறேன். இன்னொருத்தி இருந்தால் தயவுசெய்து என்னைத் தேடி வரட்டும், கதைக்க நிறைய இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணிக்கு நிற்கும்போது ஆண்கள் இங்கிலாந்து உதைபந்தாட்டம் கதைப்பார்கள். நான் வாயைத் திறந்தால், "அது எங்கடை ஊர் எல்லே விளையாட்டு மாதிரித்தானே?" என்று யாராவது கேட்பார்கள். எங்கள் கட்டடத்தில் இருக்கும் சென்னைப் பிள்ளை ஒருநாள் பத்து நிமிடம் என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதுல எப்பதான் ஏதாவது நடக்கும்?" என்றாள். விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் தேத்தண்ணி ஆறிவிடும் என்பதால் நான் யாரோடும் மல்லுக்கட்டுவதில்லை.

இந்தப் பைத்தியம் எனக்குக் கனடாவில் பிடித்தது. ஒன்பது வருடத்துக்கு முன் தம்பிக்கு நெஞ்சில் பைபாஸ் செய்தபோது ஆறு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவன் மனைவி வேலைக்குப் போய்விடுவாள். பிறகு அவனும் நானும் தொலைக்காட்சியும்தான். அவனுக்குக் கதைத்தால் மூச்சு வாங்கும், எனக்குக் கதைக்காமல் இருந்தால் மூச்சு முட்டும். அதனால் திரையில் ஓடுவதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். "உதிலை குந்திக்கொண்டிருக்கிறவர் ஆரடா?" என்பதுதான் என் முதல் கேள்வி. அடிப்பவனுக்குப் பின்னால், முகத்தில் கம்பிக்கூடு போட்டுக்கொண்டு, எறிகிற பந்தைப் பிடிப்பதற்காக ஆட்டம் முழுக்கக் குந்தியிருக்கிற ஆள்.

"அவர்தான் கேச்சர், அக்கா. என்ன பந்து போடோணும் எண்டு எறியிறவனுக்கு விரலாலை சொல்லுறது அவர்தான். மற்ற எல்லாற்றை முகத்தையும் பாக்கிற ஒரே ஆள்" என்றான் தம்பி. அந்த ஒரு பதிலுக்கு மூன்று தரம் நின்று மூச்செடுத்தான்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய பிறகும் நான் விடவில்லை. எங்கள் ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் காலை ரயில் ஏறினால், வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போய்ச் சேருமுன் முந்தின நாள் ஆட்டத்தின் சுருக்கத்தைப் பார்த்து முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தம்பி எனக்கு அழைப்பு எடுப்பான், அவனுக்கு அப்போது காலை பத்து. சுகம் விசாரிப்பது ஒரு நிமிடம், மிச்சம் ஒரு மணித்தியாலம் சண்டை. அதற்கு முன்பெல்லாம் வருடத்தில் இரண்டு தரம்தான் கதைப்போம், மார்கழியில் நத்தாருக்கும் அம்மாவின் நினைவுப் பூசைக்கும். இருவரும் வெவ்வேறு நாட்டில் வயதாகி, கதைக்க ஒன்றுமில்லாத சகோதரங்களாக ஆகிக்கொண்டிருந்தோம். பேஸ்போல்தான் எனக்கு என் தம்பியைத் திருப்பித் தந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் சண்டை ஆட்டத்தைப் பற்றியது என்பதைவிட ஆட்களைப் பற்றியது. தம்பியின் நகரத்து அணியில் யாரை வைத்திருக்கலாம், யாரை அனுப்பலாம். இந்த விளையாட்டில் அணிகள் ஆட்டக்காரரைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். ஜூலை முடிகிற மட்டில் அந்த வருடத்துக்கு அந்த வாசல் மூடிவிடும். பெரும்பாலும் ஆட்டக்காரரை ஒருவரும் கேட்பதில்லை. காலையில் ஒரு நகரம், பின்னேரம் இன்னொரு நகரத்துச் சட்டை. வயது போன நட்சத்திரத்தைக் கொடுத்து, கீழ் அணிகளில் வளர்ந்துகொண்டிருக்கும் பெடியன்கள் இரண்டு பேரை வாங்குவார்கள். அந்தப் பெடியன்களை நாங்கள் ஆராய்வதைக் கேட்டால் கலியாணம் பேசுகிறோம் என்றுதான் நினைப்பீர்கள். நல்ல உயரம், ஆனால் முழங்கையில் ஒப்பரேசன் செய்தவன், தகப்பனும் விளையாடினவராம், குணம் கொஞ்சம் முன்கோபமாம். என் மகள்கள் தாங்களே தேடிக்கொண்ட மாப்பிள்ளைகளை நான் இதில் கால்வாசிகூட விசாரிக்கவில்லை.

என் கொள்கை எளியது. பாசத்துக்கு ஆள் வைத்திருக்கக்கூடாது. சமையலறையிலும் நான் அப்படித்தான், அடிப்பிடிக்கத் தொடங்கிய சட்டியை அன்றைக்கே எறிந்துவிடுவேன். தம்பி நேர்மாறு. அன்று திரையில் குந்தியிருந்த அந்தக் கேச்சர் என்றால் அவனுக்கு உயிர். தான் படுக்கையில் கிடந்த நாட்களில் கூட இருந்தவர் என்பது போலத்தான் கதைப்பான். கூட இருந்தது நான், அதை விடுவோம்.

போன கோடையில் கேச்சருக்கு முப்பத்தாறு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. குந்தினால் எழும்ப நேரமெடுத்தது. ஓடுகிறவனை மடக்க அவர் எறிகிற பந்து, ஓடினவன் போய்ச் சேர்ந்து மண்ணைத் தட்டிக்கொள்ளும்போதுதான் வந்தது. ஜூலைக் கடைசி ஞாயிறு, அவரைக் கொடுத்துவிடத்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"இன்னும் ஒரு வருசம் வைச்சிருக்கலாம் அக்கா. எறியிற பெடியள் எல்லாம் அவரைத்தான் நம்பியிருக்கிறாங்கள்" என்றான்.

"நம்பிக்கை பந்து பிடிக்காது. இப்ப குடுத்தா ரெண்டு பெடியளாவது வருவாங்கள். அடுத்த வருசம் சும்மா குடுத்தாலும் ஒருத்தரும் எடுக்கமாட்டினம்" என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில் அவன் கத்துவான். அன்று, "அதுவும் சரிதான்" என்றான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போய்ப் புட்டு அவித்தேன்.

அந்தக் கிழமையே கேச்சரைக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு இளம் கேச்சரும் ஒரு இடக்கை எறிகாரனும் வந்தார்கள். ரயிலில் செய்தியைப் பார்த்ததும் கைதட்டிவிட்டேன். எதிரே இருந்த நோர்வேக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தியா, சொன்னனான்தானே" என்று தம்பிக்கு எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்பதற்கான நீல அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

அந்த ஞாயிறு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான் எடுத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொடுத்தது நானா? முகாமையாளரின் கதிரையில் நானா இருந்தேன்? ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை, ஒரு பந்து பிடிக்கிறவருக்காக அக்காவோடு கோபித்துக்கொண்டு இருப்பானா? ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. பழையபடி நத்தாருக்கும் பூசைக்கும் மட்டும் கதைக்கிற ஆட்களாகிவிடுவோமோ என்ற பயம். ஞாயிறு நாலு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன்.

மூன்றாம் கிழமை, நான் வேலையில் நிற்கும்போது அவன் மனைவி எடுத்தாள்.

"மச்சாள், அவருக்கு உங்களோடை கோவமில்லை. அவரை வேலையிலை நிப்பாட்டிப்போட்டினம்."

காருக்கு இருக்கை செய்கிற தொழிற்சாலை. இருபத்தாறு வருடம் நின்ற இடம். கடிதம் கொடுத்தது ஜூலைக் கடைசி வெள்ளிக்கிழமை, நான் ஒற்றைக்காலில் நின்ற ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு. அதற்குப் பிறகு நாலு இடத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறான். வயதைக் கேட்டுவிட்டு, பிறகு அறிவிக்கிறோம் என்கிறார்களாம்.

"ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை தன்ரை பாட்டிலை சொல்லுறார், சும்மா குடுத்தாலும் ஒருத்தரும் எடுக்கமாட்டினம் எண்டு. ஆர் சொன்னது எண்டு கேட்டன். அக்கா சொன்னவ எண்டார்" என்றாள்.

நான் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் வாயை அதற்குள்ளேயே போட்டுக் கழுவலாம் போலிருந்தது. "நான் சொன்னனான் எண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ. உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு விடாமல் அடித்தேன். நாலாவது தரம் எடுத்தான். குரலில் சுரத்தே இல்லை. ஆறுதல் சொல்ல வழியில்லை, அவன் கணக்கில் எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே. கேச்சர் விஷயத்திலாவது இறங்கி வரலாமா, நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஒன்பது வருடத்தில் நான் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. இறங்கினால் அந்த நிமிடமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். அக்கா தன்மேல் இரக்கப்படுகிறாள் என்பது அவனுக்கு வேலை போனதைவிடப் பெரிய அடி. ஆகவே சண்டை பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"புதுக் கேச்சர் நல்லாத்தானே செய்யிறான்" என்று தொடங்கினேன்.

"என்னத்தைச் செய்யிறான்?"

"கால் சுறுக்கு. எறி நேராப் போகுது."

"எறிஞ்சாப் போதுமே?" அவன் குரல் ஏறியது. "எறியிறவன் தடுமாறேக்கை எழும்பிப் போய் ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியுமே அவனுக்கு? எவன் எந்தப் பந்துக்கு ஏமாறுவான் எண்டு தெரியுமே? அதெல்லாம் பதினைஞ்சு வருசம் குந்தியிருந்தவனுக்குத்தான் தெரியும். முழங்கால் தேஞ்சா மூளையுமே தேஞ்சுபோகும்?"

ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். அதுக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது என்றேன். பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் அணி உருப்படாது என்றேன். சொல்லச் சொல்ல என் கண்ணால் தண்ணீர் ஓடியது, குரலை மட்டும் வழக்கம்போல வைத்துக்கொண்டேன். அவன் நன்றாகக் கத்தினான். அவன் கத்துவதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"அந்த மனுசன் இன்னும் ரெண்டு வருசம் விளையாடுவார். இருந்து பாருங்கோ" என்றான்.

இதற்கு நான் சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரியும். அவரால் ஏலாது என்று சொல்லவேண்டும். வாய் வரவில்லை. ஒரு கணம்தான் பேசாமல் இருந்திருப்பேன்.

"அவள் சொல்லிப்போட்டாள், என்ன?" என்றான் தம்பி.

"ஓம்."



"பிறகேன் அக்கா சண்டை பிடிச்சனீங்கள்?"

"நீ கத்தோணும் எண்டுதான்."

அவன் மூக்கை உறிஞ்சினான். கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நேற்று உங்கடை பெடியன் மூண்டு பந்தைக் கோட்டை விட்டவன். பாத்தனீங்களே?" என்றான்.

அந்த ஆட்டத்தை நான் முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருந்தேன். மூன்றில் இரண்டு, எறிந்தவனுடைய பிழை என்பதும் எனக்குத் தெரியும்.

"இல்லையடா, பாக்கேல்லை. என்ன நடந்தது, சொல்லு" என்றேன்.

அவன் முதல் இன்னிங்ஸிலிருந்து சொல்லத் தொடங்கினான்.