பெருவிரலால் அழுத்திய பாரை

முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்துத் தண்ணீரூற்று ஊர்ப் பக்கம் விற்கும் அந்த அக்காவின் பெயரை நான் கேட்கவேயில்லை. தலையில் துவாய், சேலைக்கு மேலே ஆண்களின் சட்டை. எந்த மீனையும் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். அழுந்திய சதை உடனே மேலெழும்பினால்தான் அது கூடைக்குப் போகும்.

கரைக்கு வந்த மீன்களைப் படத்தோடு காட்டும் செயலி ஒன்று செய்திருந்தேன். அவர் சரியென்றால் மற்ற வியாபாரிகளும் அதைப் பாவிப்பார்கள் என்று போனை அவரிடம் நீட்டினேன். திரையில் இருந்த பாரை மீனையும் அப்படியே அழுத்திப் பிடித்தார். அழுத்திப் பிடித்தால் மீன் பட்டியலிலிருந்து நீங்கும்படி நான்தான் வைத்திருந்தேன்.

"ஐயோ தம்பி, மீன் ஓடிட்டுது!"

மூன்று மீன்கள் ஓடிய பிறகு எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் செயலியை மாற்றிக்கொண்டு போனேன். அழுத்தினார். 'இன்று விடியற்காலை பிடித்தது' என்று வந்தது.

"ஓம், இப்பதான் சரி." முகமெல்லாம் சிரிப்பு. பிறகு போனை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மணத்துக்கு என்ன செய்யப்போறீர், தம்பி?"

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.