நூல் அறுபடவில்லை, கூலன்ட் குறைந்தது!

ஊரிகத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டுக்காரர்களான நாங்கள், குடத்தில் தண்ணீர் குறைந்தால் பக்கத்து வீட்டைத்தான் சந்தேகமாகப் பார்ப்போம். என் டீசல் வேனில் இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் அடிக்கடி குறைந்தது; தரையிலோ ஒரு சொட்டு ஈரமில்லை. பக்கத்து வீட்டு வேன்காரர் சேகர்தான் எடுக்கிறார் என்று சந்தேகப்பட்டு, கூலன்ட் டப்பா மூடியில் நூல் கட்டினேன். நூல் அப்படியே இருந்தது, கூலன்ட் மட்டும் குறைந்திருந்தது.

"புகைய ஆறவைக்கிற ஈஜிஆர் கூலர் உள்ள விரிசல்ண்ணா. கூலன்ட் புகையோட போவுது. இப்படியே ஓட்டினா இன்ஜினே போயிடும்," என்றார் வண்டியைப் பார்த்த மெக்கானிக். அவரையும் நம்பாமல், கூலரைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொன்னேன். குமிழ் குமிழாக வந்தது.

புதுக் கூலர் மாட்டி வீடு திரும்பினால், வாசலில் சேகர்.

"இன்னாண்ணா, நூலை அவுத்துட்டீங்களா?"

இப்போதெல்லாம் கூலன்ட் குறைந்தால், பக்கத்து வீட்டைப் பார்ப்பதற்கு முன் என் வண்டியின் புகையைப் பார்க்கிறேன்.