களைக்குது என்று சொல்லாதவன்

என் கைப்பைக்குள் ஒரு நூல்கட்டை கிடக்கிறது. அதில் பாதி நூல்தான் மிச்சம். மற்றப் பாதியைச் சிவனொளிபாத மலையில் விட்டுவிட்டு வந்தோம்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்தோம். தம்பி நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் அவனை அவன் காலாலேயே மலை ஏறவைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். அவனைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் எனக்குப் பயம். கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே, "மழை வந்தால் என்ன செய்யிறது ஐயா?" என்று தகப்பனாரைக் கேட்டேன். "அக்காவுக்குக் குளிக்கவும் பயம்," என்று தம்பி சிரித்தான்.

அடிவாரத்தில் அம்மா அவன் நெற்றியில் திருநீறு பூசினார். "உச்சிக்குப் போகுமட்டும் களைக்குது எண்டு சொல்லக்கூடாது, ராசா. இன்னும் எவ்வளவு தூரம் எண்டும் கேக்கக்கூடாது." மலை ஏறுகிற எல்லாரும் காக்கிற கட்டுப்பாடுதான் அது. முதல்முறை ஏறுகிறவர்கள் பாதி வழியில் ஓரிடத்தில் நூல் கோத்த ஊசியைக் குத்திவிட்டு, நூலைப் பிரித்துக்கொண்டே மேலே போவார்கள். தம்பியும் ஊசியைக் குத்தினான், நூல்கட்டையைப் பட்டம் விடுகிறவன் போலப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

மத்தியானம் தாண்ட மழை பிடித்தது. பிறகு பனிப்புகார் மூடி, முன்னால் போன ஐயாவின் முதுகுகூட மறைந்துபோயிற்று. தம்பியின் சிரிப்பும் பகிடிகளும் நின்றன. உதடு நீலம் பாய்ந்து, உடம்பு நடுங்கியது. "ஏலாதாடா?" என்றேன். வாயை இறுக்கிக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினான். இன்னும் கொஞ்சம் ஏறியதும் நூல்கட்டை அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவன் அதை எடுக்கக் குனியவில்லை, விழுந்தது தெரிந்ததாகவும் தோன்றவில்லை. நடுக்கமும் நின்றிருந்தது. நான் குனிந்து அதை எடுத்தேன்.

"ஐயா, தம்பிக்கு ஏலாது!" என்று கத்தினேன்.

"வாயை மூடடி! சாமி காரியம்!" என்றார் அம்மா.

அம்மாவின் சொல்லை ஒருநாளும் தட்டாத ஐயா திரும்பி வந்து அவன் கன்னத்தைத் தொட்டார். "பிள்ளை செத்தால் ஆருக்கு நேர்த்தி?" என்று கேட்டுவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினார். புகாருக்குள் அவருடைய மூச்சுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பின்னால் ஓடினோம்.

வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. "ஐயோ, மல்லி உடம்பு ஐஸ்!" என்று தம்பியைச் சிங்களத்தில் கூப்பிட்டு அலறிய கடைக்கார அம்மா அவனை அடுப்படியில் கிடத்தி, எண்ணெய் சூடாக்கிக் காலைத் தேய்த்தார். அவன் கண் திறக்க வெகுநேரமாயிற்று. திறந்ததும் அவன் கேட்டது: "அம்மா, நான் சொல்லேல்லைத்தானே?" அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அன்று தப்பினான். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் அவன் இறக்கி வைக்கவே இல்லை. தெமட்டகொடை ரயில் பட்டறையில் கை நசுங்கிய நாளும் சைக்கிளில்தான் வீட்டுக்கு வந்தான். "உங்கட தம்பிக்கு என்ன வருத்தமெண்டு நீங்களாவது கேளுங்கோ மச்சாள்," என்று அவன் மனைவி என்னிடம்தான் வருவாள். கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு நித்திரை போய்விடும்.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். டாக்டர் நெஞ்சை அழுத்தி, நோகிறதா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினான். இன்று காலை நூல்கட்டையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "இப்பவாவது சொல்லடா," என்று கெஞ்சினேன். அதை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"களைக்குது அக்கா."

எத்தனையோ வருடமாக அவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் தவித்த சொல். கேட்டதும் நேர்ஸைக் கூப்பிட ஓடினேன். திரைச்சீலையை இழுத்து மறைத்துவிட்டு என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே மரவாங்கில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கதவு இன்னும் திறக்கவில்லை. அவன் கையிலிருந்து விழுந்த நூல்கட்டையை இந்தமுறையும் நான்தான் குனிந்து எடுத்தேன்.