கெத்தா பைப்பில் வந்த தேத்தண்ணி

போன வாரம் தண்ணீர் வடிகட்டிக்குக் குழாய் வாங்க ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி சிலிகோன் குழாயை நீட்டினான். கொதிக்கிற தண்ணீரை விட்டாலும் வாடை இறங்காதாம். நான் அதை வாங்கி முகர்ந்து பார்த்தேன். "என்னா ஆன்டி, சாப்பிடவா போறீங்க?" என்று சிரித்தான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவன் சிரித்ததால் அல்ல.

எண்பதுகளில் நாங்கள் கிள்ளானில் இருந்தோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வருகிற அன்று பார்த்து எங்கள் வீட்டுக் குழாய் உடைந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால் வாளி தூக்குவதா என்று அப்பா கடைக்கு ஓடினார். 'பைப் கெத்தா' என்று மலாய் மொழியில் கேட்டு, பச்சைப் பசேலென்று ஒரு சுருள் வாங்கி வந்து, பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் அடுப்படிக்கு இழுத்துவிட்டார். கெத்தா என்றால் ரப்பர். காப்பார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய மனிதருக்கு அந்தச் சொல்லே போதும். மலாயில் வளைகிற குழாய் எல்லாமே கெத்தாதான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அது பி.வி.சி. இயல்பில் விறைத்த பிளாஸ்டிக். வளைந்துகொடுக்க அதில் ஏதோ எண்ணெய் சேர்ப்பார்களாம். வெயிலில் காய்ந்தால் அந்த வாடை தண்ணீரில் இறங்கும். பாலிஎத்திலின் குழாயில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வளைத்தால் மடிந்துகொள்ளும். எல்லாம் பிற்பாடு வந்த ஞானம். அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு மிடறு குடித்தார். "என்னாம்மா இது, தேத்தண்ணியில புது சிலிப்பர் வாட அடிக்குது?"

அப்பாவின் மூக்கோ ரப்பர் பால் நாற்றத்திலேயே மரத்துப்போன மூக்கு. "கெத்தா பைப்புல வந்த தண்ணி, சம்பந்தி! நம்ம ரப்பர்தான் லா, ஒண்ணும் செய்யாது!"

பெண் பிடித்திருக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை, அதற்குள் சம்பந்தி. "யாருக்கு யாரு சம்பந்தி?" என்று அந்த அம்மாள் கோப்பையை வைத்தார். மகன் தரையைப் பார்த்தான். "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். அந்த வாடைக்கு நான் வெட்கப்படவில்லை. அப்பாவுக்காக வெட்கப்பட்டேன், அவர் எதிரிலேயே, அவருக்குத் தெரிகிற மாதிரி.

மிச்சமிருந்த கோப்பைகளை எல்லாம் அப்பாவே குடித்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

பச்சைக் குழாய் வெயிலில் வெடித்துப்போனது. அந்த வீடு இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. அவர் இருந்தபோதே வேறு இடத்தில் எனக்குக் கல்யாணம் நடந்து, உரிமையோடு சம்பந்தி என்று அழைக்க அவருக்கு ஒருவர் கிடைத்தார். ஆனால் என் மாமனாரை அப்பா கடைசிவரை 'சார்' என்றே கூப்பிட்டார்.