நான் வீட்டில் இல்லாத நாள்கள்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் மலாக்கா தண்ணீர் இலாகாவில் எங்கள் வெள்ளைக்கார அதிகாரி மூட்டை கட்டினார். இத்தனை வருடமாக நான் எந்தக் குழாயை எப்படிச் சரிசெய்தேன் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. அதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்த மலாய்க்கார அதிகாரிக்கு என்னைத் தெரியாது. ஃபோர்மன் வேலை ஒன்று காலியாக இருந்தது. விரும்புகிறவர்கள் இதுவரை என்னென்ன செய்தார்கள் என்று எழுதிக்கொண்டு நேரில் வரட்டும் என்றார். காஜா பேராங்கில் சின்ன வாடகை வீடு, வளரும் பிள்ளைகள். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். குழாய் வேலை நன்றாகத் தெரியும் என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. தண்ணீர் நின்றால் ஊரே திட்டும். வந்துவிட்டால் சரிசெய்தவனை யார் நினைக்கிறார்கள்? எனக்கே நினைவில்லை.

பக்கத்தில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த என் மனைவி விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"தீபாவளி அன்னிக்குத் தலையில எண்ணெயோட சைக்கிள் ஏறி செமாபோக்குக்குப் போனீங்களே, அத எழுதலையா?"

அன்று செமாபோக்கில் பெரிய குழாய் வெடித்திருந்தது. மத்தியானத்துக்குள் தண்ணீர் விட்டோம். எழுதினேன். அடுத்து அவள் தம்பி கல்யாணம். அங்கே தாலி கட்டும்போது நான் உஜோங் பாசிரில் சேற்றுக்குள் நின்று, துருப்பிடித்து ஒட்டிப்போன வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வீடு மாறிய நாள். பிள்ளைகளையும் சட்டி பானைகளையும் அவள் தனியாக லோரியில் ஏற்றினாள். நான் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் போகும் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பசியாறாமல் ஓடிய நாள், மழையில் நனைந்து காய்ச்சலோடு வந்த நாள், ஒன்றையும் அவள் விடவில்லை. அவள் குற்றப்பத்திரிகை வாசிக்க வாசிக்க, நான் அதையே சாதனையாக எழுதிக்கொண்டு போனேன். அவளுக்குக் கோபத்தில் முகம் சிவந்திருந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

நேர்முகத்தில் அதிகாரி தாளைப் படித்துவிட்டு, இவ்வளவையும் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். நினைவில் வைத்தது நான் இல்லை, என் மனைவி; இதெல்லாம் என்மேல் அவளுக்குள்ள கோபம் என்றேன். அவர் சிரித்து, தம் வீட்டிலும் அதே கதைதான் என்றார். பிறகு செமாபோக் குழாயைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தடுமாறாமல் சொன்னேன். கையால் செய்த வேலைதானே.

வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய், இது உன்னால்தான் கிடைத்தது என்று அவளிடம் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு நான் வாய்விட்டு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சந்தோசம்ங்க. ஆனா நீங்க எழுதிட்டீங்கங்கிறதுக்காக, நான் அதெல்லாம் மறந்துட்டேன்னு மட்டும் நெனச்சிராதீங்க" என்றாள்.